ஒன்றரை அவுன்ஸ் பருப்பு

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வடசென்னையில் இன்னொரு பெயர் உண்டு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்து முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. வயல்கள் அழிந்தன. பிழைத்தவர்கள் கோட்டையை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தோன்றியது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது மோனிகர் சௌல்ட்ரி ஆனது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இதனோடு சேர்ந்து வளர்ந்து, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை 1930களில் பெற்றது. கவர்னர் பெயர் பலகையில் இருக்கிறது. கஞ்சித்தொட்டி வாயில் இருக்கிறது.

அந்தத் தொட்டியில் ஊற்றப்பட்டதை இன்றைய சொல்லால் அழைத்தால் 'வீகன்' உணவு. அரிசி, தண்ணீர், உப்பு. பால் இல்லை, நெய் இல்லை, மீன் இல்லை. சென்னையில் இன்று 'வீகன்' என்ற சொல் பெரும்பாலும் நகரத்தின் தென்பகுதி உணவகங்களில், பாதாம் பாலோடும் சோயாக் கட்டியோடும் சேர்ந்து வருகிறது. தமிழில் அதற்கு 'நனிசைவம்' என்று அழகான சொல்லும் உருவாகிவிட்டது. விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாமல், குறைந்த செலவில், உடல் நலத்தோடு வாழ முடியுமா என்று என் மாணவிகளில் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் துறைமுகத்தை ஒட்டிய இந்த நிலப்பகுதியில் அந்தக் கேள்விக்கு இருநூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. இங்கே தாவர உணவு பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுத்தது அல்ல; கையில் மிஞ்சியது. அது சில காலங்களில் உடலைத் தாங்கியது, சில காலங்களில் கொன்றது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு கைப்பிடிப் பருப்பும், அதை வேகவைத்த ஒரு பெண்ணின் நேரமும்.

அண்ணி வைத்த சோறு

தமிழில் மரக்கறி உணவுக்கு 'சைவம்' என்று பெயர். ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவின் பெயராக இருக்கும் மொழியில், தட்டைப் பற்றிப் பேசினால் சாதியைப் பற்றியும் பேசியதாகிவிடும். வீடு வாடகைக்கு விடுபவர் 'சைவம் மட்டும்' என்று சொல்லும்போது கத்திரிக்காயைப் பற்றிப் பேசவில்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். மீன் வாசனை உடம்பில் ஒட்டியிருப்பதாகச் சொல்லப்பட்ட பெண்கள் வாழும் ஊரில், நனிசைவத்தை ஒழுக்கத்தின் உச்சியாகப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் உயிர்க்கொலைக்கு எதிரான இன்னொரு மரபும் இதே மண்ணில் நடந்து போயிருக்கிறது. வள்ளலார் இராமலிங்கர் சென்னை ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்தவர். அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து சென்று தியாகராசரையும் வடிவுடையம்மனையும் பாடியவர். புலால் மறுப்பைப் பேசிய அவர், அதோடு நிற்காமல் 1867 மே மாதத்தில் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவர் எந்தச் சாதி என்று கேட்காமல் சோறு போடுவது அதன் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. உயிரைக் கொல்லாதே என்பதும் பசித்தவருக்குப் போடு என்பதும் அவரிடம் ஒரே பேச்சு. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அவரைப் பாதியாக வெட்டுகிறார்கள்.

அவரைப் பற்றித் திருவொற்றியூரில் ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் கோயிலிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டார் உறங்கிவிட்டார்கள். எழுப்ப மனமில்லாமல் இளைஞர் இராமலிங்கர் திண்ணையில் பசியோடு படுத்துக்கொண்டார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு வைத்தார். சாப்பிட்டு உறங்கினார். சற்றுப் பொறுத்து அண்ணி மறுபடி வந்து, சாப்பிட வா என்று அழைத்தார். முதலில் வந்தது அண்ணி அல்ல, வடிவுடையம்மன் என்பது கதை.

பக்தர்கள் இதில் அம்மனின் அருளைக் கேட்கிறார்கள். எனக்கு அண்ணிதான் கேட்கிறார். நள்ளிரவில் வீட்டு ஆணுக்குச் சோறு வைக்க ஒரு தெய்வம் வர வேண்டுமென்றால், அது அண்ணியின் உருவத்தில்தான் வர வேண்டியிருக்கிறது. உண்மையான அண்ணியோ அதற்குப் பிறகும் எழுந்து வருகிறார். அவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா என்பது கதையில் இல்லை. உணவு அறம் பற்றிய நம் பேச்சுகளில் விடுபடும் இடம் இது.

கடற்கரையில் குவிந்த தானியம்

1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிராமங்கள் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். அந்த ஆண்டுகளில் சென்னைத் துறைமுகம் வேலையற்று நிற்கவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி வந்து இறங்கியது. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் பாதை வழியே மூட்டைகள் உள்நாட்டுக்குப் போயின. ஏற்றுமதியும் நிற்கவில்லை. 1877 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் பலராலும் பார்க்கப்பட்டது: சென்னைக் கடற்கரையில் கப்பலுக்குக் காத்திருக்கும் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. தானியம் இருந்தது. வாங்கக் கூலி இல்லை. விலையில் அரசு கை வைக்கக் கூடாது என்பது அன்றைய கொள்கை.

1877 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்காக, அதிகம் செலவழித்துவிட்டார் என்று கண்டிக்கப்பட்டவர். இந்த முறை சிக்கனக்காரர் என்று பெயரெடுக்க வந்திருந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூடவே சிறிது காசு என்று விதித்தார். நாள் முழுதும் வெயிலில் மண் சுமப்பதற்கான கூலி இது. பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் இன்னும் கொஞ்சம் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

மறுத்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். மாகாண மக்கள் என்ன உண்கிறார்கள் என்று 1863லேயே அறிக்கை தயாரித்தவர் அவர். வெறும் அரிசியில் உடல் நிற்காது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும், அளவும் கூட வேண்டும் என்று புள்ளிவிவரங்களோடு வாதாடினார். டெம்பிளின் பக்கம் கொள்கை இருந்தது. கார்னிஷின் பக்கம் முகாம்களில் எண்ணப்பட்ட பிணங்கள் இருந்தன. 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் பவுண்டு ஆனது. அதோடு ஒன்றரை அவுன்ஸ் பருப்பு சேர்ந்தது. இன்றைய கணக்கில் சுமார் 43 கிராம்.

நான் இந்தக் கட்டுரையை அந்த 43 கிராமுக்காகவே எழுதுகிறேன். நம் மாகாணத்தில் ஓர் அரசு, ஏழையின் தட்டில் தானியம் மட்டும் போதாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது. ஒப்புக்கொள்ள வைக்க அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

அறிவியல் பின்னால் விளக்கிச் சொன்னதும் அதுவே. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். சாம்பார் சோறும் இட்லியும் வெண்பொங்கலும் தம் போக்கில் கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு அது.

டெம்பிள் பெண்ணுக்குக் குறைத்தது ஏன் என்றும் கேட்க வேண்டும். ஆணைவிட உடல் சிறியது என்பது அதிகாரிகளின் நியாயம். மண்கூடை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தலையில்தான் ஏறுகிறது. அவள் வயிற்றில் ஒரு பிள்ளையோ மார்பில் ஒரு பிள்ளையோ இருந்திருக்கலாம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் இத்தகைய பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டது. எண்ணூரைத் தாண்டி வடக்கே போகும் அதே கால்வாயின் கரையில் நாம் குப்பை கொட்டும்போது, அது எந்த உணவில் வெட்டப்பட்டது என்று நினைப்பதில்லை.

புழுங்கல்

பஞ்சம் முடிந்த பிறகும் அரிசி ஏழையை விட்டு நீங்கவில்லை. வேறு உருவத்தில் ஏமாற்றியது. உரலில் குத்திய அரிசிக்குப் பதில் ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி வந்தது. தவிட்டோடு தயாமின் என்ற வைட்டமினும் போனது. பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டி உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நோய் கால்களையும் இதயத்தையும் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெருமளவு தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பங்கு தங்குகிறது. நெல் அவிக்கும் பெண்களின் கைவேலை, யாரும் அறியாமல், ஒரு நோயைத் தடுத்து நிறுத்தியிருந்தது.

குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்கரிசன் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிகளின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கிய உணவில் எலிகள் செழித்தன. சென்னை உணவில் மெலிந்தன. இதை வைத்துத் தமிழர் உணவே தாழ்ந்தது என்று பேசியவர்கள் உண்டு. அவர் சோதித்தது ஒரு பண்பாட்டை அல்ல, வறுமையை: நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு, பெயருக்குக் காய். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்துக்களை அட்டவணையாக்கி வெளியிட்டார். கேழ்வரகும் கீரையும் பயறும் மலிவான விலையில் என்ன தருகின்றன என்பது அதில் எண்களாக வந்தது. கேழ்வரகின் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பாலுக்கு வழியில்லாத வீட்டின் எலும்பு அதில் இருந்தது.

ஆடியில் இங்கே தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாள் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு கிண்டிய கூழ். அது கோயில் சடங்கு மட்டும் அல்ல. கையில் காசு வற்றும் மாதத்தில் தெருவே ஒன்றாகச் சாப்பிடும் ஏற்பாடு. மற்ற நாட்களில் துறைமுக வாயில்களுக்கு வெளியே அலுமினியக் குண்டானோடு உட்கார்ந்திருக்கும் கூழ்க்காரப் பெண்கள் அதைத் தொடர்கிறார்கள். ஒரு சொம்பு கூழ், வெங்காயம், மாங்காய்த் துண்டு, மிளகாய். லாரி ஓட்டுநரும் சுமைத் தொழிலாளியும் நின்றபடி குடிப்பார்கள். மோர் ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் அது முழு நனிசைவம். நொதிப்பதால் சத்துக்கள் உடலில் எளிதில் சேர்கின்றன. மாங்காயின் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவுகிறது.

பழைய சோற்றுக்கும் இது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை சிகிச்சைத் துறை, பழைய சோறு குடல் நோயாளிகளுக்கு உதவுமா என்று ஆராயத் தொடங்கியது. கஞ்சித்தொட்டி தன் பழைய உணவைத் தானே பரிசோதிக்கிறது என்று அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அரிசி, உயிர்வதை இல்லாத உணவு என்ற பேச்சில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நம் அரிசியின் பெரும்பகுதி செங்குன்றம் ஆலைகள் வழியாக வருகிறது. அந்த வட்டாரத்து ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டிருக்கின்றன. நெல்லைக் களத்தில் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டே இருக்கும் பெண்ணும் ஓர் உயிர்.

கடலோர வீட்டின் தட்டு

மீன்பிடிக்கும் வீட்டில் எப்போதும் மீன் இருக்கும் என்று வெளியார் நினைக்கிறார்கள். வஞ்சிரமும் வவ்வாலும் இறாலும் ஏலத்துக்குப் போகும். வீட்டுக்கு வருவது விலைபோகாத பொடிமீன். அதிலும் கண்டம் கடலுக்குப் போகிறவனுக்கு, தலை பிள்ளைகளுக்கு, குழம்பு பெண்களுக்கு. என் ஆயா திருவொற்றியூரில் கூடை சுமந்து மீன் விற்றவர். எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றால் துடைத்துச் சாப்பிடுவார். "நீ துன்னு கண்ணு, நான் அப்பால துன்றேன்" என்பார். மீனை நாள் முழுதும் தொட்ட அவர், தட்டளவில் பார்த்தால் பாதி ஆயுள் சைவம்.

மீன்பிடித் தடைக்காலம் இதைத் தெளிவாகக் காட்டும். கிழக்குக் கடற்கரையில் இப்போது அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் குஞ்சு பொரிக்கக் கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது நியாயம். கரையில் அந்த இரண்டு மாதம் கருவாடு கொஞ்சம், ரசம் நிறைய. வட்டிக்கு வாங்கிய பணத்தில் பருப்பு வாங்கலாமா, பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கலாமா என்று கணக்குப் போடுவது பெண்.

அப்போது கை கொடுத்தது கீரை. ரயில் பாதையோரம், குளக்கரை, காலி மனை, கழிமுக ஓரம். பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, முருங்கை, உப்பு நிலத்தில் வளரும் உமரி. மடி நிறையப் பறித்து வருவதற்குக் காசு வேண்டாம். இந்தக் கீரைகளின் இரும்பும் கால்சியமும் எந்தக் கடை உணவுக்கும் குறைந்தவை அல்ல. இன்று எண்ணூரில் அந்தக் கீரையைப் பறிக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அனல் மின்நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் வருமானம் போனது எல்லோருக்கும் தெரிந்தது. விலையில்லாத கீரையும் அதோடு போனதை எந்த இழப்பீட்டுப் படிவமும் கேட்கவில்லை.

வந்தேறிகளும் மலிவு உணவைக் கொண்டுவந்தார்கள். 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் வியாசர்பாடி பி.வி. காலனியிலும் துறைமுகத்தை ஒட்டியும் குடியேறினார்கள். அவர்களோடு வந்தது அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த கடலைமாவு, பூண்டு எண்ணெய். கூடவே வாழைத்தண்டு சூப். முட்டை சேர்க்காமல் கேட்டால் அதுவும் நனிசைவம். அதிலும் கடலைமாவு இருப்பதைக் கவனியுங்கள். ஏழை உணவுகளில் நிலைத்து நின்றவை எல்லாவற்றிலும் எங்கோ ஒரு பருப்பு ஒளிந்திருக்கிறது.

எட்டு கிராம்

அரிசிக்காக இந்த நகரம் பலமுறை பொங்கியிருக்கிறது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த 1918ஆம் ஆண்டிலேயே, செப்டம்பரில், விலையேற்றத்தால் கொதித்தவர்கள் கடைகளைச் சூறையாடினார்கள். இரண்டு ஆண்டுகளில், 1920 செப்டம்பரில், வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயர் தந்த தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது வரம்பு. அங்கிருந்து காமராஜரின் 1956, எம்.ஜி.ஆரின் 1982 என்று அது மாநிலம் முழுதும் விரிந்தது. 1967இல் அண்ணாவின் ரூபாய்க்கு ஒரு படி அரிசி. 2011இலிருந்து விலையில்லா அரிசி. இவை எல்லாம் நம் பெருமைகள்.

சத்துணவுக் கூடங்களிலும், 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. கஞ்சித்தொட்டி காலத்திலிருந்து பெண் கணக்கில்லாமல் செய்த வேலைக்குச் சம்பளம் வந்தது. சத்துணவுத் திட்டம் ஆதரவற்ற பெண்களைச் சமையலுக்கு அமர்த்தியது. அம்மா உணவகத்தில் சுயஉதவிக்குழுப் பெண்களுக்குத் தொடக்கத்தில் 300 ரூபாய் நாள்கூலி. இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய். ஷிப்டு முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண் தானே சமைக்காமல் உட்கார்ந்து சாப்பிட முடிந்த இடம் அது. பருப்பும் அரிசியும் சேர்ந்த சூடான தாவர உணவு, அவள் வாங்கக்கூடிய விலையில், அவள் அடுப்பு மூட்டாமல். நனிசைவம் பற்றிய கையேடுகள் எதுவும் இதைவிட நல்ல முன்மாதிரியைத் தரவில்லை.

அரிசியைத் தாண்டிப் பருப்பு வந்தது 2007இல். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். உளுந்தும் இருந்தது, பின்னர் நின்றுபோனது. துவரை கிடைக்காதபோது கனடா மஞ்சள் பருப்பு. அட்டை ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ. இதை நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு, முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி.

ரேஷன் முழு உணவல்ல, துணைதான். மீதியைச் சந்தையில் வாங்க வேண்டும். அப்படியும் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1877இல் பஞ்சக் கூலிக்குக் கொடுத்தது 43 கிராம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது பருப்பு, முட்டை, மீன், இறைச்சி வரிசையில் 85 கிராம். மீனும் முட்டையும் வேண்டாம் என்றால் அவ்வளவும் பருப்பிலும் பயறிலும்தான் வர வேண்டும். மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. என் வகுப்பில் முதல் மணி நேரத்தில் மேசையில் தலை சாய்க்கும் பெண்பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நான் நினைப்பதில்லை. டீயும் பன்னும் காலை உணவாக, அதுவும் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில், வந்தவர்கள் அவர்கள்.

கேட்ட மாணவிகளுக்கு

ஆகவே, முடியுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: முடியும், நம் கடைத்தெருவில் கிடைப்பவற்றிலேயே. புழுங்கலரிசியும் கேழ்வரகும். தினமும் ஒரு வேளையாவது கெட்டியான பருப்பு. வாரத்தில் பலநாள் காராமணி, கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை. ஒரு பிடி வேர்க்கடலை. அது பாதாமின் வேலையைக் கால் பங்குச் செலவில்கூடச் செய்யும். முருங்கைக்கீரை. அதன் மேல் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்; அது இரும்பைத் தடுக்கும். சோயாக் கட்டியும் பாதாம் பாலும் இல்லாமல் ஒன்றும் குறையாது. குறைவது ஒன்றுதான்: பி12 வைட்டமின். எந்தக் கீரையிலும் பருப்பிலும் அதை நம்பத்தகுந்த அளவில் பெற முடியாது. விலங்குணவை முழுதும் விடுபவர் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கருவுற்றிருப்பவர் இதில் விளையாடக் கூடாது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மட்டுமே சத்தாக உள்ள வீட்டில் போய், அதை விடு என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். விட முடிவது உங்களுடைய உரிமை என்றால், உண்பது அவருடைய உரிமை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பயறை முந்தின இரவு ஊறப்போடுவது யார்? கீரையை ஆய்வது யார்? கேழ்வரகைக் கரைத்து வைப்பது யார்? தாவர உணவு பணத்தில் மலிவு, நேரத்தில் விலை கூடியது. உங்கள் கொள்கைக்காக அம்மா இன்னொரு அடுப்பு மூட்டுகிறார் என்றால், அந்த உணவில் உழைப்புச் சுரண்டல் கலந்திருக்கிறது. நீங்களே ஊறப்போடுங்கள். உங்கள் தம்பியையும் கீரை ஆயச் சொல்லுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். சென்னை நகர அட்டைகளுக்கும் கேழ்வரகு வேண்டும். பருப்பை அட்டைக் கணக்கில் அல்ல, ஆள் கணக்கில் தர வேண்டும். நின்றுபோன உளுந்து திரும்ப வேண்டும். தடைக்காலத்தில் மீனவக் குப்பங்களில் பருப்புப் பங்கை இரட்டிப்பாக்க வேண்டும். அம்மா உணவகங்களை நலிய விடாமல், கூழையும் சுண்டலையும் சேர்த்து, அங்கே வேலை செய்யும் பெண்களை நிரந்தரமாக்க வேண்டும்.

கார்னிஷ் கேட்ட அளவு அன்று முழுதாகக் கிடைக்கவில்லை, பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியையாவது ஓர் அதிகாரி விடாமல் எழுதி வாங்கினார். அடுத்த முறை ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பையில் விழும் பருப்பை வீட்டிலுள்ள ஆட்களால் வகுத்துப் பாருங்கள். நாற்பத்து மூன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரியும். மீதியைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.